உதிலை போட்டு வாறன்

1

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை ஒட்டியிருக்கிறது. அப்பியாசக் கொப்பி அளவுதான் இருக்கும். இன்று காலை பூசை முடிந்து வந்து அதைத் துடைத்து எழுதும்போதுதான் திகதியைக் கவனித்தேன். அந்தச் சம்பவம் நடந்து இந்தக் கிழமையோடு ஒரு வருடம்.

எங்கள் ஆட்கள் ஆண்டு நிறைவு என்றால் விடமாட்டார்கள். கலியாணத்துக்கு இருபத்தைந்தாவது வருடம் என்றால் மண்டபம் பிடிப்போம், ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று தட்டுக் கேக் வெட்டுவோம். காட்டில் கால் பிரண்டு கிடந்ததன் முதலாம் ஆண்டு நிறைவுக்கு என்ன வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் வாசித்துவிட்டுச் சிரிக்கலாம். சிரிக்க வேண்டிய இடங்கள் நிறைய உண்டு.

என் பெயர் ஜசிந்தா. வயது ஐம்பத்தாறு. ஒஸ்லோவின் தெற்குப் பக்கத்தில் ஹவுகெட்டோ என்ற இடத்தில், இரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான் ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். கணவர் அன்ரன் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் டிலானி, ஸ்தவாங்கரில் எஞ்சினியர். நாங்கள் இருவருமே யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரையில் பிறந்தவர்கள். எங்கள் ஊரில் மலை கிடையாது, காடு கிடையாது. ஏறுவதென்றால் வள்ளத்தில்தான் ஏற வேண்டும்.

2

இங்கே மனிதர்கள் எங்கேயும் போகாமல் நடக்கிறார்கள். இதை ஊரில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். கடைக்கு நடக்கவில்லை, வேலைக்கு நடக்கவில்லை, நேர்த்திக்கும் நடக்கவில்லை. காட்டுக்குள் போய், ஒரு மரக்குற்றியில் இருந்து பாணைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். வந்து, நல்லாயிருந்தது என்கிறார்கள். வந்த புதிதில் எனக்கும் இது விசர்க்கதையாகத்தான் பட்டது.

என்னைத் திருத்தியது நான்கு வயதுப் பிள்ளைகள். எங்கள் பராமரிப்பு நிலையத்தில் வியாழக்கிழமை காட்டுக்குப் போகும் நாள். மழை, பனி, காற்று எதுவானாலும் போயே ஆகவேண்டும். முதல் வருடம் நான் நடுங்கிக்கொண்டு பின்னால் போவேன். ஒரு குட்டிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜசிந்தா, குளிரில் பிழை இல்லை, உன் காற்சட்டையில்தான் பிழை" என்றாள். அடுத்த கிழமையே கம்பளி உள்ளுடுப்பு வாங்கினேன். அதற்குப் பிறகு வியாழக்கிழமை போதவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தேவைப்பட்டது.

எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. ஆற்றோரமாக மேலே ஏறிப் போனால் ஸ்குல்லெரூட். அதற்கு அப்பால் நோக்லவான் என்ற நீளமான ஏரி. ஏரிக்கு அப்பால் ஓஸ்ட்மார்க்கா காடு, முடிவே இல்லாமல். பாதை மறக்காமலிருக்க மரங்களில் வர்ணம் பூசியிருக்கிறார்கள். நீலக்கோடு கோடையில் நடப்பவர்களுக்கு, சிவப்புக்கோடு மாரியில் பனிச்சறுக்குப் போகிறவர்களுக்கு. இதை அறிவதற்கு முதல் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மாரி காலத்தில் சப்பாத்தோடு காட்டுக்குப் போனேன். பனியைச் சமப்படுத்தி, நேராக இரண்டு பள்ளக் கோடும் இழுத்து வைத்திருந்தார்கள். நடக்கிறவர்களுக்காக இவ்வளவு பாடுபடுகிற நாடு எங்கே கிடைக்கும் என்று மனதார வாழ்த்திக்கொண்டு, ஒரு கோட்டில் இடது காலையும் மற்றக் கோட்டில் வலது காலையும் வைத்து ஒரு கிலோமீற்றர் நடந்தேன். பின்னால் சறுக்கிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி நின்றார். மிக மரியாதையாக, "இது சறுக்குத் தடம், நீங்கள் மிதித்த இடமெல்லாம் குழி" என்றார். திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், ஒரு கிலோமீற்றருக்குக் குழி.

அதற்குப் பிறகுதான் பனித்தட்டு வாங்கினேன். இங்கே அதை ட்ரூகர் என்பார்கள். பாதத்தைவிட மூன்று மடங்கு அகலமான தட்டு, கீழே இரும்புப் பல்லு. சப்பாத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் இடுப்பளவு பனியிலும் புதையாமல் நடக்கலாம். யாருடைய தடத்தையும் கெடுக்காமல், மரங்களுக்கு நடுவில் என் சொந்தப் பாதையை நானே போட்டுக்கொண்டு போவேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? வாழ்க்கை முழுக்க யாரோ போட்ட வழியில் போனவள் நான்.

கோடையில் ஓடவும் பழகினேன். ஆற்றோரமாக ஐந்து கிலோமீற்றர். ஒருநாள் ஹவுகெட்டோச் சந்தியில் ஒரு தமிழ்ப்பெடியன் காரை ஓரம் கட்டினான்.

"என்னக்கா, பஸ்ஸை விட்டிட்டியளோ? ஏறுங்கோ, பிடிப்பம்."

"இல்லைத் தம்பி, ஓடுறன்."

"அது தெரியுது. ஏன் ஓடுறியள்?"

"சும்மா."

அவன் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்து, "வீட்டிலை ஒண்டும் பிரச்சினை இல்லைத்தானே?" என்று கேட்டான். பாவம், நல்ல பிள்ளை.

3

இப்போது எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. போகிறவரும் "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். கட்டாயம் கேட்டே ஆகவேண்டுமென்றால், "தூரமோ?" என்று கேட்கலாம். அதற்கும் "இல்லை, உதிலைதான்" என்பதே பதில். உதிலை என்றால் இந்தா பக்கத்தில், வந்துவிடுவேன் என்று அர்த்தம். கொழும்புக்குப் போகிறவனும் உதிலைதான்.

கடற்கரை ஆட்களுக்கு இது இன்னும் கடுமை. கடலுக்கு இறங்குகிறவனிடம் எங்கே என்று கேட்டால் வலையில் மீன் படாது. சிலவேளை ஆளே வராது. நாங்கள் வேதக்காரர்தான், சகுனம் பார்க்கிறது பாவம் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லுவார். ஓம் சுவாமி என்று தலையாட்டிவிட்டு, கோயில் வாசலில் ஒருவருக்கொருவர் "உதிலை போட்டு வாறன்" சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். பாசையூரை விட்டு நோர்வேக்கு வெளிக்கிட்ட அன்றும் நான் உதிலை என்றுதான் சொன்னேன்.

இதில் அன்ரன் எல்லோரையும் விட மோசம். நாள் முழுக்க ஆட்களை அவரவர் போகுமிடத்தில் இறக்கிவிடுகிற மனிதர், சொந்தப் பெண்சாதி எங்கே போகிறாள் என்று கலியாணம் கட்டிய இருபத்தொன்பது வருடத்தில் ஒருநாள் கேட்டதில்லை. "தூரமோ?" என்றுகூடக் கேட்கமாட்டார். தோழிகள் பொறாமைப்படுவார்கள். எனக்கும் அது பெருமைதான். என்னை அவர் நம்புகிறார், அதனால் கேட்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

வேலையிடத்தில் கதை வேறு. வியாழக்கிழமை பிள்ளைகளோடு வாசலைத் தாண்டுவதற்கு முதல் அங்கேயுள்ள பலகையில் நாலு விஷயம் எழுத வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், யாருடைய தொலைபேசி. எழுதாமல் போனால் அது பெரிய குற்றம். என் கையெழுத்து வடிவு என்று அதை எழுதும் வேலையை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். பதினேழு வருடமாக எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏன் எழுத வேண்டும் என்று வகுப்பெடுப்பவளும் நான்தான். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே!

4

போன வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்கு வெளிக்கிட்டேன். அன்ரன் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரூகரை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு, "இஞ்சாருங்கோ, உதிலை போட்டு வாறன்" என்றேன். "ம்ம்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் போக நினைத்தது புது இடம். நோக்லவான் ஏரிக்குக் கிழக்கே, நீலக்கோட்டை விட்டு விலகி, ஒரு சின்ன மேட்டுக்கு. இரவு பெய்த புதுப்பனி, மிதிக்க மிதிக்க மாவு மாதிரி. சூரியனும் வந்தது. மேட்டில் நின்று இடியப்பத்தையும் சம்பலையும் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன். நோர்வேக்காரர் பாண் சாப்பிடுகிற இடத்தில் நான் இடியப்பம் சாப்பிடுவேன், அதில் மாற்றமில்லை. வானத்தைப் பார்த்து, ஜசிந்தா நீ கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இறங்கும்போது குறுக்கு வழி பார்த்தேன். பனிக்குக் கீழே ஒரு நீரோடை இருந்தது எனக்குத் தெரியவில்லை. மேலே மூடியிருந்த பனி உடைந்து வலது கால் உள்ளே போனது. ட்ரூகர் ஒரு வேருக்குக் கீழே மாட்டிக்கொண்டது, நான் மற்றப் பக்கம் விழுந்தேன். கணுக்காலில் ஏதோ நறுக்கென்றது. காலை வெளியே எடுக்கவே கால் மணித்தியாலம் பிடித்தது. சப்பாத்துக்குள் தண்ணீர்.

தொலைபேசியை எடுத்தேன். மின்கலம் முப்பத்தெட்டு வீதம் காட்டியது. இலக்கத்தை அழுத்த முதல், குளிருக்கு அது செத்துப்போனது. மைனஸ் பன்னிரண்டு. நேரம் ஒன்று இருபது. ஐந்து மணிக்கு இருட்டிவிடும்.

பயந்தேனா என்று கேட்டால், முதலில் கோபம்தான் வந்தது. என் மீது. பிறகு வேலைசெய்கிற ஆளாக யோசித்தேன். இதே நிலையில் ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்வேன்? ஈரக் காலுறையைக் கழற்றினேன், பையில் இருந்த மாற்றுக் காலுறையைப் போட்டேன், அதற்கு மேலே இடியப்பம் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினேன். வந்த தடத்தில் திரும்பிப் போக மூன்று கிலோமீற்றர், இந்தக் காலோடு முடியாது. ஆனால் மேட்டில் நின்றபோது தெற்குப் பக்கம் ஒரு மரத்தில் சிவப்புக்கோடு கண்டிருந்தேன். சிவப்பு என்றால் சறுக்குத் தடம். ஞாயிற்றுக்கிழமை சறுக்குத் தடத்தில் ஆள் வராமல் இருக்காது.

எண்ணூறு மீற்றர்தான் இருக்கும். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. தடியை ஊன்றி, இருந்து, தவழ்ந்து, ஒரு சரிவில் பிருட்டத்தால் வழுக்கி. நடுவில் ஓர் இடத்தில் அழுகை வந்தது. அழுதேன். அழுதுகொண்டே நகர்ந்தேன், நின்று அழ நேரமில்லை.

தடத்தின் கரையை அடைந்ததும் அப்படியே இருந்துவிட்டேன். அந்த நேரத்திலும் ஒன்றைக் கவனித்தேன். கோட்டின் மேல் கால் வைக்கவில்லை, பக்கத்தில்தான் இருந்தேன். ஒருமுறை வாங்கிய பேச்சு உடம்பில் ஊறிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் சறுக்கிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதிருக்கும், சிவப்புத் தொப்பி. என்னைப் பார்த்ததும் நின்று, தன் பஞ்சுச் சட்டையை எனக்குப் போர்த்தி, குடுவையிலிருந்து சுடுபானம் ஊற்றித் தந்தாள். பிறகு கேட்ட முதல் கேள்வி இது:

"நீங்கள் இங்கே வந்தது யாருக்குத் தெரியும்?"

இத்தனை வருடமாக எழுதிய பலகை கண்ணுக்கு முன்னால் வந்தது. எங்கே, எத்தனை பேர், எத்தனை மணிக்கு, யாருடைய தொலைபேசி. இத்தனையும் பிறர் பிள்ளைகளுக்கு. எனக்கு ஒரு வரி இல்லை. காலைவிட அந்த வெட்கம்தான் அன்று வலித்தது.

"ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

அவள் தன் தொலைபேசியைத் தந்து வீட்டுக்கு எடுக்கச் சொன்னாள். மனப்பாடமாகத் தெரிந்தது அன்ரனின் இலக்கம் மட்டும்தான். எடுத்தேன். வேறொருவருடன் கதைத்துக்கொண்டிருந்தார். திரும்பவும் எடுத்தேன். அப்போதும் கதைத்துக்கொண்டிருந்தார். என்ன மனுசன் இது, நான் இங்கே சாகக்கிடக்கிறேன், இவர் யாரோடு அலட்டுகிறார் என்று எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

5

அவர் யாரோடு கதைத்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அவசர இலக்கத்தோடு.

இரண்டு மணிக்குப் போட்டி முடிந்திருக்கிறது. நான் வரவில்லை. என் தொலைபேசி அடிக்கவில்லை. அவருக்கு உதிலை என்றால் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதி ஞாபகம் வந்திருக்கிறது, கிழமை முழுக்க நான் புதுச் சப்பாத்துப் பற்றிக் கதைத்தபடியால். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு என்பதே மறந்து, காரை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரோம்மன் வரை போய், வெறும் தரிப்பிடத்தை இரண்டு தரம் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து வாசலில் ட்ரூகர் தொங்கும் ஆணியைப் பார்த்திருக்கிறார். ஆணி வெறுமையாக இருந்தது. உடனே அவசர இலக்கத்தை அழுத்தியிருக்கிறார்.

அழைப்பை எடுத்தது ஓர் இளம் பெண். மிகத் தன்மையாகக் கதைத்தாளாம். பிழையான கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை.

"உங்கள் மனைவி எங்கே போனார்?"

"தெரியாது. காட்டுக்கு."

"எந்தக் காட்டுக்கு? எந்தப் பக்கம்?"

"தெரியாது."

"என்ன சொல்லிவிட்டுப் போனார்?"

பக்கத்தில் என்று சொன்னாள் என்றிருக்கிறார். எதற்குப் பக்கத்தில் என்று அவள் கேட்டிருக்கிறாள். இவருக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை.

"நீங்கள் எங்கே என்று கேட்கவில்லையா?"

"நாங்கள் கேட்பதில்லை."

பிறகு, "இன்று காலை உங்களுக்குள் ஏதாவது சண்டை நடந்ததா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறாள். இல்லை என்றார். "எத்தனை வருடம் மணமாகி?" இருபத்தொன்பது. "இருபத்தொன்பது வருடமாக அவர் எங்கே போகிறார் என்று நீங்கள் கேட்டதில்லையா?" அவள் குத்திக் கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்டாள். ஆனால் அன்ரனுக்கு அது நீதிமன்றத்தில் கேட்ட மாதிரி இருந்ததாம். முப்பது வருடத்துக்கு மேலாகப் பழகிய நோர்வே மொழி ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை. தமிழில், "கேட்டா வர மாட்டா, பிள்ளை" என்று சொன்னாராம். அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கும்?

அந்த நேரத்தில்தான் சிவப்புத் தொப்பிக்காரி தானே அவசர இலக்கத்துக்கு எடுத்துவிட்டாள். இரண்டு அழைப்பும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேசைக்குப் போயிருக்கின்றன. அரை மணித்தியாலத்தில் பனி ஸ்கூட்டரில் இரண்டு தொண்டர்கள் வந்து என்னை ஏற்றினார்கள். எலும்பு முறிவில்லை, தசைநார் கிழிவு, ஆறு கிழமை ஓய்வு. சுகவீன விடுப்புக்கான படிவத்தில், விபத்து நடந்த இடத்தைச் சரியாகக் குறிப்பிடவும் என்று ஒரு பெட்டி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

6

அன்ரனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. தேநீர் போட்டுத் தருவார், காலுக்குத் தலையணை வைப்பார், கதைக்க மாட்டார். நாலாம் நாள் ஆணியில் ட்ரூகரைக் காணவில்லை. நிலக்கீழ் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, திறப்பைத் தன் பொக்கற்றுக்குள் வைத்திருந்தார்.

"உதென்ன வேலை?" என்று கேட்டேன்.

"இனி உந்தக் காட்டுப்பக்கம் போகேலாது."

"ஏன் போகேலாது?"

"போகேலாது எண்டாப் போகேலாது."

எனக்குக் கோபம் எப்படி வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டில் நான் கடன் வாங்காமல், யாரிடமும் கேட்காமல், எனக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஒரே பொருள் அந்தப் பாதைகள்தான். மொழி அவர்களுடையது, வேலை அவர்களுடையது, பிள்ளையும் அரைவாசி அவர்களுடையவள் ஆகிவிட்டாள். பனியில் நான் போடும் தடம் மட்டும் என்னுடையது. அதைப் பூட்டி வைக்க இவர் யார்?

ஸ்தவாங்கரிலிருந்து டிலானி எடுத்தாள். அவளுக்குத் தமிழ் வரும், ஆனால் அவசரம் என்றால் நோர்வே மொழி முந்திக்கொண்டு வரும்.

"அம்மா, உங்கட மொபில்லை ஒரு ஆப் போடுறன். நீங்கள் மார்க்காக் காட்டிலை எங்கை நிண்டாலும் நான் இஞ்சையிருந்து பாப்பன்."

"ஆட்டுக்கு மணி கட்டிற மாதிரியோ?"

"இஞ்சை ஆட்டுக்கும் ஜிபிஎஸ்தான் அம்மா கட்டிறது."

"நான் ஆடு இல்லை. அதோடை, செத்த மொபில்லை ஆப் என்ன செய்யும்?"

"சரி, அதை விடுங்கோ. அப்பா ஏன் எங்கை எண்டு கேக்கேல்லை? நான் சின்னனிலை ஸ்கூல் தூர், சுற்றுலா போகேக்கையும் அவர் கேட்டதில்லை. மற்றப் பிள்ளையளின்ரை அப்பாமார் எல்லாம் கேப்பினம். நான் நினைச்சனான், என்னிலை அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லையெண்டு."

சொல்லிவிட்டு அவள் கதையை மாற்றிவிட்டாள். ஆனால் நான் அந்த வசனத்திலேயே நின்றுவிட்டேன். நம்பிக்கை என்று நான் நினைத்ததை, பிள்ளை அக்கறையின்மை என்று நினைத்து வளர்ந்திருக்கிறாள். ஒரே வீட்டில்.

அன்று பின்னேரம் அன்ரன் வேலை முடிந்து வந்ததும் அவளுடைய வசனத்தை அப்படியே சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதோடு அப்படியே வாங்கில் இருந்துவிட்டார்.

"தாசன் அண்ணை எப்பிடிச் செத்தவர் எண்டு உமக்குத் தெரியுமே?" என்றார்.

தாசன் அவருடைய மூத்த அண்ணன். எங்கள் கலியாணத்துக்கு முதலே கடலில் இறந்தவர். படத்தில்தான் எனக்குத் தெரியும்.

"கடலிலை."

"நான்தான் கேட்டனான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு இருபது வயசு. காலமை கரையிலை வலை பொத்திக்கொண்டு நிண்டனான். அண்ணை வள்ளத்தைத் தள்ளி ஒரு காலை உள்ளை வைச்சிட்டார். எங்கையண்ணை போறாய் எண்டு வாய்தவறிக் கேட்டிட்டன். பக்கத்திலை நிண்டவங்கள் எல்லாம் என்னைப் பாத்தாங்கள். அண்ணை கோவிக்கேல்லை. சிரிச்சார். உதிலைதான்ரா எண்டு சொல்லிப்போட்டுப் போனார்."

அவ்வளவுதான். அன்றைக்கு அடித்த காற்றில் மூன்று வள்ளம் திரும்பவில்லை. ஒன்று தாசனுடையது.

"அம்மா சாகுமட்டும் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. ஆனா ஊருக்குத் தெரியும், நான் கேட்டனான் எண்டு."

இருபத்தொன்பது வருடம். வெளிக்கிடும்போதெல்லாம் நான் வாசலில் நின்று அதே சொல்லைச் சொல்லியிருக்கிறேன். உதிலை போட்டு வாறன். இவர் திரும்பிப் பார்க்காமல் "ம்ம்" என்றதும், "தூரமோ?" என்று ஒருநாளும் கேட்காததும் இதனால்தான். நம்பிக்கை என்றல்லவா நான் தோழிகளிடம் பெருமையடித்துத் திரிந்தேன். எவ்வளவு மடைச்சி நான்.

"காத்துக்குத்தானே அவர் போனவர், உங்கடை கேள்விக்கில்லை" என்றேன்.

"தெரியும். எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறீர்? படிச்ச மூளைக்குத் தெரியும். வாய்க்குத் தெரியேல்லை." கண்ணைத் துடைத்தார். "கேட்டாலும் பயம். கேக்காட்டி அண்டைக்கு அந்தப் பிள்ளை கேட்ட மாதிரி, எங்கை எங்கை எண்டு. என்ன செய்ய?"

அந்த மனிதரை நான் அணைத்துக்கொண்டேன். ஒற்றைச் சப்பாத்தோடு.

அடுத்த நாள் வேலையால் வரும்போது ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்தார். அதோடு இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, நிலக்கீழ் அறைத் திறப்பையும் அதற்கு மேலே காந்தத்தால் ஒட்டி வைத்தார்.

"இதிலை எழுதிப்போட்டுப் போம். நான் கேக்க மாட்டன். வாசிப்பன்" என்றார்.

7

அப்படித்தான் ஒரு வருடம் ஓடியது. எழுதாமல் ஒருநாளும் நான் வாசலைத் தாண்டியதில்லை. கோடைப்பாதை என்றால் நீலத்தால், பனி என்றால் சிவப்பால். எங்கே, எத்தனை பேர், எத்தனை மணிக்கு. எத்தனை பேர் என்ற இடத்தில் எப்போதும் ஒன்று. நான் போனபிறகு அவர் எழும்பி வந்து வாசிப்பார் என்று எனக்குத் தெரியும், பலகைக்குக் கீழே அவருடைய தேநீர்க் கோப்பையின் வட்டம் இருக்கும். போன மாதம் டிலானி வந்து நின்றபோது அதைப் பார்த்தாள். தான் திரும்பிப் போகும் நாளில் அவளும் பேனாவை எடுத்து, ஸ்தவாங்கர், ஒருவர், ரயில் பத்து மணிக்குப் போய்ச்சேரும் என்று எழுதிவிட்டுப் போனாள். அந்த வரியை அன்ரன் இரண்டு கிழமை அழிக்கவிடவில்லை.

இன்று காலை எழுதினேன். நோக்லவானுக்குக் கிழக்கே அதே மேடு. ஒருவர். நாலு மணி. போன வருடம் விழுந்த இடத்தைப் பார்க்காமல் விடுகிற ஆள் நானில்லை. முதுகுப்பைக்குள் தொலைபேசியைக் கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வைத்தேன், மேலதிக மின்கலம் ஒன்று, மாற்றுக் காலுறை, இடியப்பம். வாசலில் இருந்து ஒரு சப்பாத்தைப் போட்டு மற்றதுக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தேன்.

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. அன்ரன் எழும்பி வந்தார். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். பலகையை ஏற்கெனவே வாசித்துவிட்டார், கையில் தேநீர்க் கோப்பை இருந்தது.

"எங்கை போறீர்?" என்றார்.

தொண்டையைச் செருமிவிட்டு இன்னொருமுறை கேட்டார். "எங்கை போறீர், ஜசிந்தா?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் இருவருக்கும் தாங்காது. சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஆத்தங்கரையாலை ஸ்குல்லெரூட்டுக்கு. அங்கையிருந்து ஏரியின்ரை வலது கரையாலை, நீலக்கோட்டிலை. பிறகு ட்ரூகரைப் போட்டுக்கொண்டு கிழக்காலை அந்த மேட்டுக்கு. மேட்டிலை இருந்து சாப்பிடுவன். குறுக்கு வழியாலை இறங்க மாட்டன், சிவப்புக்கோட்டுக்கரையாலை வருவன். நாலு மணிக்கு வீட்டிலை நிப்பன்."

"ஓம்" என்றார். "போட்டு வாரும்."

நல்ல நடை இன்றைக்கு. ஏறும்போது போய்ப் பார்த்தேன், அந்த நீரோடைக்கு மேலே பனி நன்றாக இறுகியிருந்தது, தடியால் தட்டிப் பார்த்துத்தான் தாண்டினேன். மேட்டில் ஒருவரும் இல்லை. திரும்பும்போது கணுக்கால் கொஞ்சம் முறுகியது, அவசரப்படாமல் வந்தேன். ஆற்றோரப் பாதையில் இருந்து எங்கள் கட்டிடம் தெரியும் திருப்பத்துக்கு வந்தபோது நாலுக்குப் பத்து.

கீழே வாசலில் அன்ரன் பனி அள்ளும் சவளோடு நின்றார். எங்கள் கட்டிடத்துக்குப் பனி வழிக்க ஆள் வருவார்கள், காலையிலேயே வந்து வழித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அந்த வெறும் நிலத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டிக்கொண்டு, பாதைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.